மூன்று கணக்கு திறந்தேன், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை: குறும்பதிவுத் தளங்கள் பற்றிச் சில சந்தேகங்கள்

வான்நோக்கி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. ராத்திரியில் ஒரு சின்னத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு வானம் பார்ப்பதுதான் இப்போதைய பொழுதுபோக்கு. பார்த்ததை அன்றன்றே நாலு வரியில் எழுதிவைக்கலாம், இதே கிறுக்கு உள்ளவர்கள் யாராவது கிடைப்பார்கள் என்று எக்ஸ் (பழைய ட்விட்டர்), மாஸ்டடான், புளூஸ்கை மூன்றிலும் ஒரே மத்தியானத்தில் கணக்கு திறந்தேன்.

பத்து நாளில் 23 பதிவு போட்டாயிற்று. மூன்றிலும் சேர்த்துப் பின்தொடர்பவர்கள் 11 பேர். அதில் நான்கு பேர் என் பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். மொத்த விருப்பக்குறி இரண்டு. ஒன்று என் மகளுடையது.

சந்தேகங்கள் இவைதான். மூன்றில் எதை வைத்துக்கொள்வது? ஒரே இடத்தில் எழுதினால் மூன்றுக்கும் போய்ச் சேரும்படி செய்யும் கருவி எதையாவது போட்டுக்கொள்ளலாமா? 280 எழுத்து என்கிறார்கள், ஆனால் நான் எண்ணிப் பார்த்தால் 165 தாண்டுவதற்குள் கட்டம் நிரம்பிவிடுகிறது, இது ஏன்? அப்புறம், # போட்டு எழுதுவது ஒரு பதிவுக்கு எத்தனை இருக்கலாம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கூடாது. இந்த மூன்றும் அல்லாத வேறொரு தளத்தில் சேரும்போது “உங்களுக்குத் தெரிந்தவர்களைத் தேடலாமா” என்று கேட்டது. சரி என்று அமுக்கிவிட்டேன். என் கைபேசியில் உள்ள அத்தனை எண்ணுக்கும் அழைப்பு போய்விட்டது. பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்தி வரைக்கும்.

---

அலமாரி

வாங்க ஐயா. சிரிக்காமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும். சம்பந்தி சேர்ந்தாரா இல்லையா என்று சொல்லவே இல்லையே!

நான் 2009இலிருந்து ட்விட்டரில் கீச்சிக்கொண்டிருப்பவள். உங்கள் கணக்கில் தெரிவது ஒன்றுதான். 23 பதிவு போட்டிருக்கிறீர்கள். அடுத்தவர் பதிவுக்கு எத்தனை பதில் எழுதினீர்கள்? அந்த எண்ணிக்கையை நீங்கள் சொல்லவில்லை. பூஜ்யம் என்று ஊகிக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது, நானும் செய்தேன். ஆளில்லாத மேடையில் ஏறி மைக்கைத் தட்டிப் பார்ப்போம். இது மேடையே இல்லை. நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருக்கும் தெருமுனை. போய்ப் பக்கத்தில் நின்று, கொஞ்சம் கேட்டு, ஒரு வார்த்தை சேர்த்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

உங்கள் அறிமுகக் குறிப்பில் (பயோவில்) “வாழ்க வளமுடன்” மட்டும் இருக்கிறது. வானம் பார்ப்பவர் என்று அங்கே ஒரு வரி எழுதுங்கள். படம் வையுங்கள். உங்கள் முகமாக இருக்க வேண்டியதில்லை, நிலாவே போதும். முன்பெல்லாம் படம் வைக்காதவர்களை ‘முட்டை’ என்போம். ட்விட்டர் தானாகக் கொடுத்த படமே ஒரு முட்டைதான், 2017இல் அதை எடுத்துவிட்டார்கள். படம் போனாலும் பழக்கம் போகவில்லை. வெற்றுப்படக் கணக்கு யாரையாவது பின்தொடர்ந்தால், பணத்தை இரட்டிப்பாக்கும் ஆசாமி என்றுதான் இன்றைக்கும் நினைப்பார்கள்.

---

நிரலோடி

எழுத்துக் கணக்கு என் பேட்டை, நான் வருகிறேன்.

நீங்கள் எண்ணுவது தமிழ் எழுத்து. எக்ஸ் எண்ணுவது யூனிகோடு குறிகளை, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் துண்டுகளை. ‘நிலா’ நமக்கு இரண்டெழுத்து. கணினிக்கு ந, இகரக் குறி, ல, ஆகாரக் குறி என்று நான்கு. ‘தமிழ்’ மூன்றெழுத்து, அங்கே ஐந்து. ‘வியாழன்’ நான்கு, அங்கே ஏழு. புள்ளிக்கும் ஒன்று, காலுக்கும் ஒன்று, கொக்கிக்கும் ஒன்று என்று தனித்தனியாக வசூல். இலக்கணம் உயிர்மெய்யை ஓரெழுத்து என்கிறது, தரவுத்தளம் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் 280 என்பது நமக்கு ஏறக்குறைய 165 எழுத்துதான். உங்கள் எண்ணிக்கை சரி.

புளூஸ்கையின் வரம்பு 300. அங்கே கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரிவதை ஓரெழுத்தாகவே எண்ணுகிறார்கள். ‘தமிழ்’ அங்கே மூன்றுதான். காகிதத்தில் பார்த்தால் 280க்கும் 300க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தமிழில் எழுதுகிறவனுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு இடம். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

சுட்டி ஒட்டினால் எவ்வளவு நீளமாக இருந்தாலும் எக்ஸில் 23 என்று கணக்கு. மாஸ்டடானிலும் அதே 23தான், அங்கே மொத்த வரம்பு வழக்கமாக 500.

இந்த வரம்பு வந்த கதையும் சுவையானது. 2006இல் ட்விட்டர் தொடங்கியபோது குறுஞ்செய்தி வழியாகத்தான் ஓடியது. ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்து. அதில் 20ஐப் பயனர் பெயருக்கு ஒதுக்கிவிட்டு மீதி 140ஐக் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அது 280 ஆனது. சீனம், ஜப்பானியம், கொரியத்துக்கு மட்டும் அந்த இரட்டிப்பு கிடையாது, ஓரெழுத்திலேயே நிறையச் சொல்லிவிடுகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். நமக்கு அப்படி ஒரு வஞ்சனை செய்யவில்லை. கொடுத்ததை ஒற்றும் காலும் தின்றுவிடுகின்றன, அவ்வளவுதான்.

---

யானைப்பாகன்

ஐயா, யோசிக்கவே வேண்டாம். மாஸ்டடான்.

விளம்பரம் கிடையாது. எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யும் அல்காரிதம் கிடையாது. நீங்கள் பின்தொடர்பவர்கள் எழுதியது எழுதிய வரிசையில் வரும். 2016இல் தொடங்கியது, ஒரு தனி நிறுவனத்தின் சொத்து அல்ல. மின்னஞ்சல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அஞ்சல் ஒரு சேவையில், என் அஞ்சல் வேறொன்றில், ஆனாலும் எழுதிக்கொள்கிறோம் இல்லையா? அப்படித்தான் ஆயிரக்கணக்கான சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்கின்றன. அதற்கான பொது மொழி ஆக்டிவிட்டிபப், 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி அதைத் தரமாக ஏற்றது.

---

வான்நோக்கி

பாகன் தம்பி, அந்த சர்வர் விஷயத்தில்தான் நான் தடுக்கி விழுந்தேன். எதில் சேர்வது என்று கேட்டபோது பட்டியலில் முதலில் இருந்ததை அமுக்கிவிட்டேன். உள்ளே போனால் ஆள் நடமாட்டமே இல்லை. வெறும் சுவர்.

---

யானைப்பாகன்

அல்காரிதம் இல்லை என்பதன் மறுபக்கம் அது. யாரையும் பின்தொடராவிட்டால் எதுவும் வராது. ஆனால் அங்கே # போட்ட சொல்லையே பின்தொடரலாம், 2022 நவம்பரில் வந்த வசதி. வானியலுக்கான குறிச்சொல் ஒன்றைத் தேடி, பின்தொடர் பொத்தானை அமுக்குங்கள். நாளைக் காலை திரை நிறைய நிலாவாக இருக்கும். ஆங்கிலத்திலும் தேடுங்கள், தமிழில் மட்டும் தேடினால் ஒன்றிரண்டுதான் அகப்படும், அதுதான் நிலவரம்.

சர்வர் பிடிக்காவிட்டால் இடம் மாறிக்கொள்ளலாம். பின்தொடர்பவர்கள் கூடவே வந்துவிடுவார்கள்.

---

நிரலோடி

பாகன் சொல்லாமல் விட்டது: பின்தொடர்பவர்கள் வருவார்கள், பழைய பதிவுகள் வராது. அவை பழைய சர்வரிலேயே கிடக்கும். அங்கே தனிச்செய்தி என்று அனுப்புவதும் முழுப் பூட்டு போட்டது அல்ல, சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும். ரகசியத்துக்கு ஆன இடமில்லை. இது குறையாகச் சொல்வதல்ல, தெரிந்து பழக வேண்டும்.

---

வெளியேறியவன்

உங்கள் ஆர்வத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு மன்னிக்கவும்.

ஆர்குட்டில் எனக்கு ஒரு குழு இருந்தது. 2014 செப்டம்பர் 30 அன்று மூடினார்கள். ஃபிரெண்ட்ஃபீடுக்குப் போனேன், மிக நல்ல இடம், முகநூல் வாங்கியது, 2015 ஏப்ரலில் மூடியது. கூகுள் பிளஸ் 2011இல் வந்தது, 2019 ஏப்ரலில் போனது. ஜைக்குவை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? ட்விட்டர் பிறந்த அதே 2006இல் பிறந்தது, கூகுள் வாங்கி 2012 ஜனவரியில் இழுத்து மூடியது. இந்திய மொழிகளுக்கென்றே வந்த ‘கூ’ என்ற தளமும் 2024 ஜூலையில் மூடிவிட்டது. மைஸ்பேஸ் மூடவில்லை, ஆனால் சர்வர் மாற்றும்போது 2016க்கு முன் ஏற்றிய பாட்டெல்லாம் அழிந்துவிட்டது என்று 2019இல் ஒப்புக்கொண்டது.

ஒவ்வொரு இடத்திலும் மனிதர்களைச் சேர்ப்பது, பேசுவது, மூடும்போது நாலாபக்கமும் சிதறுவது. மூன்று முறைக்கு மேல் எனக்குத் தெம்பில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள் ஐயா.

---

அலமாரி

வெளியேறியவன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். எந்தத் தளமும் அலமாரி அல்ல. (என் பெயர் வேறு விஷயம்.) 2010இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பொதுக் கீச்சுகள் அனைத்தையும் சேமிக்கப் போவதாக அறிவித்தபோது, நான் எழுதிய அசட்டுத்தனமெல்லாம் சரித்திரம் ஆகப்போகிறது என்று பெருமைப்பட்டேன். 2018இலிருந்து தேர்ந்தெடுத்ததை மட்டும்தான் எடுக்கிறார்கள். ஆக நம் சரித்திரத்தை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வான்நோக்கி ஐயா, நோட்டுப் புத்தகத்தில் முதலில் எழுதுங்கள். தேதி, நேரம், என்ன பார்த்தீர்கள் என்று. அதிலிருந்து நாலு வரியை எடுத்துத் தளத்தில் போடுங்கள். மூன்று தளங்களிலும் அமைப்புகளுக்குள் போனால் உங்கள் பதிவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வழி இருக்கிறது. அவ்வப்போது அதைச் செய்தால் போதும்.

ஆனால் பாதியைத்தான் ஒத்துக்கொண்டேன். நோட்டுப் புத்தகம் பதில் சொல்லாது.

---

வான்நோக்கி

நோட்டு இருக்கிறது அம்மா, ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன். பதில்தான் இல்லை.

நீங்கள் ஊகித்தது சரி. நான் எழுதிய பதில்கள் பூஜ்யம். முன்பின் தெரியாதவர் பேச்சில் தலையிடுவது மரியாதை இல்லையே என்று இருந்துவிட்டேன். சம்பந்தி சேரவில்லை. ஆனால் போன் செய்தார்.

மூன்றுக்கும் ஒரே கருவி பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

நிரலோடி

வேண்டாம் என்று சொல்லத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

முன்பு அது எளிது. ட்விட்டர் தன் கதவை வெளிச் செயலிகளுக்குத் திறந்து வைத்திருந்த காலம். ட்வீட்டெக் என்று ஒரு பலகை இருந்தது, பல கணக்குகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கலாம். 2023இல் எல்லாம் மாறிவிட்டது. ஜனவரியில் வெளிச் செயலிகளை வெட்டினார்கள், ஜூலையில் பெயர் எக்ஸ் ஆனது, அதையொட்டி ட்வீட்டெக்கும் கட்டணச் சந்தாவுக்குள் போய்விட்டது. பஃபர், ஹூட்சூட் போன்ற கருவிகள் இன்றும் இருக்கின்றன. கடை, பத்திரிகை நடத்துபவர்களுக்கு அவை தேவை, நேரம் குறித்து வைத்தால் அந்த நேரத்துக்குப் போகும்.

உங்களுக்கு அது எதற்கு? ஒரு தளத்தின் @பெயர் இன்னொன்றில் வேறு யாரோ. ஓரிடத்தில் அடங்குவது இன்னோரிடத்தில் பாதியில் அறுந்து தொங்கும். ஒரு கருவியை நம்பி நான் ஒருமுறை ஊருக்குப் போய்விட்டேன், திரும்பி வந்தால் ஒரே வாழ்த்துச் செய்தி மூன்று நாளாக விடாமல் போய்க்கொண்டிருந்தது. இரங்கல் செய்திக்குக் கீழே கூட.

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல், கருவி பதிவை அனுப்பும், பதிலைப் படிக்காது. யாரோ ஒருவர் உங்களிடம் கேள்வி கேட்டுவிட்டு மூன்றாவது தளத்தில் காத்துக்கொண்டிருப்பார். நீங்கள் அந்தப் பக்கம் போயே ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒன்றில் உட்காருங்கள்.

---

திண்ணை

# பற்றிக் கேட்டீர்கள், எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஒன்று அல்லது இரண்டு போதும். பத்து போட்டால் கடை விளம்பரம் மாதிரி இருக்கும். இதைக் கண்டுபிடித்தது ட்விட்டர் நிறுவனம் இல்லை. கிறிஸ் மெசினா என்ற பயனர் 2007 ஆகஸ்ட் 23 அன்று “இப்படிச் செய்தால் என்ன” என்று ஒரு கீச்சில் கேட்டார், மக்கள் பிடித்துக்கொண்டார்கள்.

சொல்லுக்கு நடுவே இடைவெளி விட்டால் # அங்கேயே அறுந்துவிடும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து போட்டுச் சொற்களைப் பிரித்துக் காட்டுவார்கள், நமக்குப் பெரிய எழுத்து ஏது, அடிக்கோடு போடலாம். #வானம்_பார்த்தேன் என்பது போல. பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்கும் அது உதவி. படம் போட்டால், அதைச் சொல்லால் விவரிக்கும் மாற்று உரையும் எழுதுங்கள். “நிலா” என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல், “தேய்பிறை, வலப்பக்கம் இருட்டு, ஓரத்தில் பள்ளங்கள்” என்று பார்த்ததைப் பார்த்தபடி.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், பணம் இரட்டிப்பு ஆசாமிகளை நீங்கள் சிரித்துக்கொண்டே குறிப்பிட்டீர்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களை பிளாக் செய்யுங்கள். தனிச்செய்தியில் வரும் சுட்டியைத் தொடாதீர்கள். நீலக் குறியைப் பார்த்து ஏமாறாதீர்கள். முன்பு அது சரிபார்த்த ஆள் என்பதற்கு அடையாளம். 2023 ஏப்ரலில் பழைய குறிகளை நீக்கிவிட்டார்கள், இப்போது பெரும்பாலும் சந்தா கட்டியவர் என்றுதான் பொருள். இரண்டடுக்குப் பூட்டு போடுங்கள், அதாவது கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு. எக்ஸில் சந்தா இல்லாதவர்களுக்குக் குறுஞ்செய்தி வழியாகக் கடவு எண் வருவதை 2023 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள், அதற்கென்று தனிச் செயலி வைத்துக்கொள்ள வேண்டும்.

யார் யாரை பிளாக் செய்தார்கள் என்பது புளூஸ்கையில் ரகசியமில்லை, தேடினால் கிடைக்கும். அங்கே விருப்பக்குறியும் பொதுவில்தான். எக்ஸில் 2024 ஜூனிலிருந்து விருப்பக்குறியை மற்றவர்கள் பார்க்க முடியாது, ஆனால் அதே ஆண்டு நவம்பரிலிருந்து நீங்கள் பிளாக் செய்தவர் உங்கள் பொதுப் பதிவைப் படிக்கலாம், பதில் போட முடியாது.

பதினோரு பேர்தானே படிக்கிறார்கள் என்று எதையாவது எழுதிவிடாதீர்கள். 2013 டிசம்பரில் ஒருவர் விமானம் ஏறுவதற்கு முன் ஒரு மோசமான வேடிக்கையைக் கீச்சினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 170 பேர் அளவில்தான். பதினோரு மணி நேரப் பயணம். இறங்கும்போது உலகமே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, கையோடு வேலையும் போனது.

---

வெளியேறியவன்

பார்த்தீர்களா. நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் வேலை போகாது.

---

திண்ணை

அவர் ஓய்வு பெற்றவர், போவதற்கு வேலை இல்லை.

---

மட்டுறுத்துனர்

இழை நன்றாகப் போகிறது. த்ரெட்ஸா எக்ஸா என்று தொடங்கிய ஆறு பின்னூட்டங்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். நிறுவன முதலாளிகளைப் பற்றிய சண்டையையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

---

வான்நோக்கி (பதினாறு நாள் கழித்து)

மறுபடியும் வணக்கம். நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

நிரலோடி சொன்ன எழுத்துக் கணக்கை வைத்துத்தான் புளூஸ்கையைத் தேர்ந்தெடுத்தேன். பாகன் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஒரு பொருள் பற்றிய பதிவுகளைப் பயனர்களே தொகுத்து வைத்த ஃபீடுகள் இருக்கின்றன, வானியலுக்கும் உண்டு. அதோடு ஸ்டார்ட்டர் பேக் என்று ஒன்று, யாரோ தனக்குப் பிடித்த ஆட்களைக் கட்டாகக் கட்டி வைத்திருப்பார், ஒரே அமுக்கில் எல்லோரையும் பின்தொடரலாம். நான் எல்லோரையும் தொடரவில்லை, படித்துப் பார்த்து முப்பது பேர்.

முதல் வாரம் சொந்தமாக ஒன்றும் எழுதவில்லை. பதில் மட்டும். அலமாரி அம்மா சொன்னபடி. முதல் பதிலை எழுதி, அழித்து, எழுதி, அரை மணி நேரம் ஆனது. ஒருவர் சனி வளையத்தைப் படம் எடுத்திருந்தார், எவ்வளவு நேரம் ஒளி வாங்கினீர்கள் என்று கேட்டேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. அவர் என்னைத் தலையிட்டவனாக நினைத்ததாகத் தெரியவில்லை. கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம்தான் தெரிந்தது.

போன செவ்வாய் ராத்திரி வியாழனைப் பார்த்தேன். நான்கு நிலவு தெரிய வேண்டும், மூன்றுதான் இருந்தன. கண்ணாடியைத் துடைத்தேன், என் கண்ணையும் துடைத்தேன், மூன்றுதான். “வியாழன் பக்கத்தில் மூன்றுதான் தெரிகிறது, நான்காவது எங்கே?” என்று தமிழிலும் கீழே உடைந்த ஆங்கிலத்திலும் எழுதிப் போட்டேன். விடை தெரிந்து எழுதியது இல்லை, கேள்வியாகவே போட்ட முதல் பதிவு அது.

யாரென்று தெரியாது, அவர் இருக்கும் இடத்தில் அது பகல் நேரமாம். எழுதினார்: கானிமீடு வியாழனின் நிழலுக்குள் போயிருக்கிறது, இன்னும் நாற்பது நிமிடத்தில் வெளியே வரும், கோளை ஒட்டித் தேடாதீர்கள், கொஞ்சம் தள்ளித்தான் தோன்றும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. அவர் சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பின்னாக, ஒன்றுமில்லாத கறுப்பில், கோளைவிட்டுத் தள்ளி, ஒரு மங்கல் புள்ளி. பளிச்சென்று வரவில்லை. யாரோ திரியை மெல்லத் தூண்டுவது போல நிமிடக்கணக்கில் தெளிந்துகொண்டே வந்தது.

“வந்துவிட்டது” என்று மட்டும் எழுதினேன். வேறெதுவும் எழுத வரவில்லை.

---

அலமாரி

ஐயா, எனக்கும் தொலைநோக்கி வாங்க ஆசையாக இருக்கிறது. மற்ற இரண்டு கணக்கும் என்ன ஆயின?

---

யானைப்பாகன்

அதைத்தான் நானும் கேட்க வந்தேன். கோபமில்லை. கொஞ்சம் வருத்தம்.

---

வான்நோக்கி

மாஸ்டடானில் அந்தக் குறிச்சொல்லைப் பின்தொடர்கிறேன் தம்பி, காலையில் படிக்க மட்டும். எக்ஸில் வேறு யாரும் என் பெயரை எடுத்துவிடாதபடி கணக்கை வைத்துக்கொண்டு பூட்டிவிட்டேன்.

பின்தொடர்பவர் எண்ணிக்கை இப்போது 9. இரட்டிப்பு ஆசாமிகள் நால்வரை பிளாக் செய்தேன், புதிதாக இருவர் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் அந்தக் கானிமீடுக்காரர்.

இன்றைக்கு இங்கே மேகம்.